மூன்றடி மீன் தொட்டிக்கு மர ஸ்டாண்ட்: முதல்முறை செய்கிறவர்களுக்கு

காலித் தொட்டியை இரண்டு பேர் சேர்ந்து ஆட்டோவில் வைத்துக் கொண்டுவந்துவிடலாம், அதனால் இதில் என்ன பெரிய எடை இருந்துவிடப் போகிறது என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 6.75 கன அடி. ஒரு கன அடிக்கு 28.3 லிட்டர், ஆக விளிம்பு வரை 191 லிட்டர். மேலே இரண்டு இஞ்ச் விட்டு, கல் அடைக்கிற இடத்தையும் கழித்தால் சுமார் 160 லிட்டர், அதாவது 160 கிலோ. 8 மி.மீ. கண்ணாடி 33 கிலோ. அடியில் இரண்டு இஞ்ச் கூழாங்கல் பரப்பினால் இன்னொரு முப்பது கிலோ. பாறை, ஃபில்டர், மூடி, லைட் எல்லாம் சேர்த்தால் 240, 250 கிலோவில் வந்து நிற்கும். இதை அப்பத்தாவிடம் சொன்னபோது, "ஏண்டா அப்பு, பத்துச் சிப்பம் அரிசிய அந்த ஸ்டூலு மேல அடுக்கப் போறியா?" என்று கேட்டார். இருபத்தைந்து கிலோ சிப்பம் பத்து. கணக்கு சரிதான்.

நான் முதலில் செய்த ஸ்டாண்ட் பார்க்க அழகாகத்தான் இருந்தது. நான்கு கால்களை நிறுத்தி, அவற்றின் பக்கவாட்டில் சட்டங்களை வைத்து ஸ்க்ரூ முடுக்கி, மேலே பலகை போட்டிருந்தேன். கால்களின் தலை பலகையைத் தொடவே இல்லை, கால் இஞ்ச் கீழேயே நின்றது. மொத்த எடையும் எட்டு ஸ்க்ரூவின் மேல். தண்ணீர் விட்ட மூன்றாம் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், ஒரு கால் ஸ்க்ரூ போட்ட வரிசையிலேயே நூல் பிடித்த மாதிரி பிளந்திருக்கிறது. அப்புறம் என்ன, மீன்களை அண்டாவில் விட்டுவிட்டு, பதினோரு மணி வரை பக்கெட் பக்கெட்டாக மொண்டு முற்றத்தில் கொட்டினோம்.

மறுநாள் காலையில் எங்கள் தெரு ஆசாரி வந்து பார்த்தார். திட்டவில்லை. வளவில், அதாவது முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் நிற்கும் தூணைக் காட்டி, "தம்பி, இதுல எங்கயாச்சும் ஆணி சுமக்குதா பாருங்க" என்றார். கீழே கல், கல்மேல் தூண், தூணின் தலையில் போதிகை, அதன்மேல் உத்திரம். எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. "ஆணி புடிச்சுக்கிறதுக்கு. சுமக்கிறது மரம்." இரண்டாவது ஸ்டாண்டை இந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் செய்தேன், கீழே சொல்லப்போவதும் அதுதான்.

இடம் முதலில்

மரம் வாங்கப் போகும் முன் ஸ்டாண்ட் எங்கே நிற்கப் போகிறது என்று முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நிரப்பிய பிறகு நகர்த்த முடியாது. முற்றத்து வெயில் படும் இடம் வேண்டாம், பத்து நாளில் கண்ணாடி பச்சையாகிவிடும், பாசி சுரண்டுவதே வேலையாகிவிடும். மச்சு வீட்டின் மாடியில் வைக்க ஆசைப்பட்டால் தளத்தைத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் வைக்காதீர்கள். கீழ்த்தளம், சுவரோரம், பிளக் பாயின்ட் பக்கத்தில். அது போதும்.

தரை மட்டமாக இருக்கிறதா என்று மூன்றடி நீளத்துக்கு ஒரு நேர்க்கட்டையை வைத்து, அதன்மேல் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டுத் தாழ்வாரம் முற்றத்தை நோக்கி லேசாகச் சரிந்திருந்தது, கண்ணுக்குத் தெரியாது, ரசமட்டத்தில் குமிழி ஓடிவிட்டது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரையாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்: ஒவ்வொன்றும் கையால் வார்க்கிற சிமென்ட் கல், அக்கம்பக்கத்துக் கல் ஒன்றுக்கொன்று அரை மில்லி ஏறி இறங்கியிருப்பது சகஜம். இதைச் சரிசெய்யும் வழியைக் கடைசியில் சொல்கிறேன், இப்போதைக்கு எந்தப் பக்கம் எவ்வளவு தாழ்வு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி வையுங்கள்.

மரம்

காரைக்குடிப் பக்கம் இருக்கிறவர்களுக்கு ஒரு வசதி, ஒரு சபலம். முனீஸ்வரன் கோவில் தெருவில் பழைய சாமான் கடைகளில் ஏறி இறங்கினால், இடித்த வீடுகளின் கதவு, நிலை, தூண் என்று பர்மா தேக்காகவே கண்ணில் படும். வீடு இடிக்கிற இடங்களில் சட்டங்களும் விலைக்குக் கிடைக்கும். நூறு வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது, வளையாது. வாங்கலாம், தப்பில்லை. ஆனால் முதல்முறை செய்கிறவர் அதை வாங்கி அப்படியே ரம்பத்தை வைக்கக் கூடாது. உள்ளே முறிந்து நிற்கும் பழைய ஆணி மேலே தெரியாது. நான் வாங்கிய சட்டத்தில் ஒரு ஆணி, தலை போய், வெறும் கறுப்புப் புள்ளியாகத்தான் தெரிந்தது. அழுக்கு என்று நினைத்து அறுத்தேன், ரம்பத்தில் நாலு பல் போனது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றிய காந்தத்தை நூலில் கட்டி, சட்டத்தின் நான்கு பக்கமும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். இழுக்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஆழத்தில் இருப்பதைக் காந்தம் காட்டாமல் விடலாம், அதனால் கறுப்புப் புள்ளி எதைக் கண்டாலும் உளி நுனியால் குத்திப் பார்ப்பதே நல்லது.

இந்தத் தொல்லையெல்லாம் வேண்டாம் என்றால் மரவாடியில் புதுச் சட்டம் வாங்குங்கள். நாட்டுத் தேக்கு, வேங்கை, கோங்கு எல்லாமே இந்த எடையைத் தாங்கும். வேம்பும் தாங்கும், ஆனால் நன்றாகக் காய்ந்ததாக இருக்க வேண்டும். பச்சை வேம்பில் செய்தால் ஸ்டாண்ட் ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு நிற்கும். பேக்கிங் பெட்டி மரம் மலிவுதான், ஆனால் கணுவும் விரிசலும் அதிகம். நல்ல துண்டைப் பொறுக்கப் பழகிய கை இருந்தால் தவிர அந்தப் பக்கம் போகவேண்டாம். பார்ட்டிகிள் போர்டு மேசையைத் தொட்டிக்கு ஸ்டாண்டாக்குவது பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். ஒருமுறை தண்ணீர் ஊறினால் ரஸ்க் மாதிரி ஊதிவிடும்.

சட்டத்தைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வில்லாக வளைந்ததையும் முறுக்கியதையும் கூச்சப்படாமல் ஒதுக்கி வையுங்கள், கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். வாங்கி வந்ததும் நிழலில், அடியில் கட்டை கொடுத்து, காற்றுப் போக இடைவெளி விட்டு இரண்டு வாரம் அடுக்கி வைப்பது நல்லது.

அளவு 3க்கு 2 இஞ்ச். இந்த ஸ்டாண்டுக்குச் சேதாரத்தோடு நாற்பது அடி போதும். கன அடிக் கணக்கில் சொல்வார்கள், பயப்படாதீர்கள்: அகலத்தையும் தடிமனையும் இஞ்சிலும், நீளத்தை அடியிலும் எடுத்து, மூன்றையும் பெருக்கி 144-ஆல் வகுத்தால் வந்துவிடும். 3 × 2 × 40 ÷ 144, ஆக 1.67 கன அடி.

இதோடு மேல்பலகைக்கு 19 மி.மீ. ப்ளைவுட், பின்பக்கத்துக்கும் இரண்டு பக்கத்துக்கும் 12 மி.மீ. ப்ளைவுட் வேண்டும். கொதிநீர் தாங்கும் வகையாக, பி.டபிள்யூ.பி., ஐ.எஸ். 710 என்று அச்சடித்ததாக வாங்குங்கள். ஐ.எஸ். 303 முத்திரையில் எம்.ஆர். என்று போட்டிருப்பது வீட்டுக்குள் சாதாரண ஈரத்துக்குத்தான். பசையும் தண்ணீர் தாங்கும் வகையாக இருக்கட்டும். ஸ்க்ரூ எல்லாம் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். உலோக அரிமானத்தை ஆராய்கிற சிக்ரி ஆய்வகம் இருக்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு சாதாரண இரும்பு ஸ்க்ரூவைத் தொட்டிக்கு அடியில் போடுவது கொஞ்சம் அநியாயம். ஃபால்ஸ் சீலிங்குக்குப் போடுகிற கறுப்பு ஸ்க்ரூவும் வேண்டாம், தேக்கில் முடுக்கினால் கழுத்து முறிந்து உள்ளேயே தங்கிவிடும்.

அறுப்பது

தொட்டியை முதலில் அளந்துகொள்ளுங்கள், கடைக்காரர் சொன்ன அளவை நம்பவேண்டாம். நான் 36க்கு 18 இஞ்ச் என்று வைத்துச் சொல்கிறேன். ஸ்டாண்ட் உயரம் 30 இஞ்ச். வேண்டிய துண்டுகள்:

நீளச் சட்டம், 36 இஞ்ச்: நான்கு.
குறுக்குச் சட்டம், 14 இஞ்ச்: ஆறு.
தாங்கு கால் (எடையைச் சுமப்பது), 23¼ இஞ்ச்: நான்கு.
உட்கால் (உள்மூலையில் நின்று சேர்த்துப் பிடிப்பது), 28½ இஞ்ச்: நான்கு.

ஒரு விஷயம். கடையில் 3க்கு 2 என்பார்கள், இழைத்த பிறகு கால் இஞ்ச் குறைந்து 2¾க்கு 1¾ இருக்கும். அப்படியிருந்தால் மேலே சொன்ன கணக்கு ஓடாது. குறுக்குச் சட்டத்தின் நீளம் என்பது தொட்டியின் அகலத்தில் இரண்டு சட்டத்தின் கனத்தைக் கழித்தது: 18-இல் 3½ போனால் 14½. தாங்கு கால் என்பது மொத்த உயரத்தில் பலகையின் முக்கால் இஞ்சையும் மேல், கீழ்ச் சட்டங்களின் உயரத்தையும் கழித்தது: 30-இல் ¾-உம் 5½-உம் போனால் 23¾. உங்கள் கையில் இருக்கும் மரத்தை டேப் வைத்து அளந்து, உங்கள் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாத் துண்டையும் நேராக அறுக்க முடியும் என்ற நம்பிக்கை இல்லையென்றால் அறுவை மில்லிலேயே அறுத்து வாங்கிவிடுங்கள், அதில் ஒரு அவமானமும் இல்லை. வீட்டில் அறுப்பதானால் முக்கியம் நான்கு தாங்கு கால்களும் ஒரே அளவாக இருப்பது. அது 23¼-ஆ 23⅛-ஆ என்பது இரண்டாம்பட்சம், நான்கும் ஒன்றாக இருந்தால் போதும். நான்கையும் சேர்த்து சி கிளாம்ப் போட்டு இறுக்கி, மூலமட்டம் வைத்து ஒரே கோடாக இழுத்து, ஒரே மூச்சில் அறுங்கள். பிறகு தரையில் நிறுத்தி உள்ளங்கையால் தலையைத் தடவிப் பாருங்கள். கண் ஏமாறும், உள்ளங்கை ஏமாறாது.

பூட்டுவது

இரண்டு சட்டகம், மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரண்டு நீளச் சட்டம், அவற்றுக்கு நடுவே இரண்டு முனையிலும் மையத்திலுமாக மூன்று குறுக்குச் சட்டம். சட்டங்களைப் படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள், அதாவது 3 இஞ்ச் செங்குத்தாக வரவேண்டும். அதே மரம்தான், ஆனால் நிறுத்தி வைத்தால் படுக்க வைத்ததைவிட இரண்டே கால் மடங்கு விறைப்பு. உத்திரத்தை யாரும் படுக்கப் போடுவதில்லை, கவனித்திருப்பீர்கள். நான்கடித் தொட்டி என்றால் 4க்கு 2 சட்டம் எடுத்து, நடுவிலும் ஒரு ஜோடிக் கால் கொடுங்கள்.

மூட்டு ஒவ்வொன்றிலும் பசை தடவி, 3½ இஞ்ச் ஸ்க்ரூ இரண்டு. முதலில் துளை போடாமல் முடுக்கினால் சட்டத்தின் முனை பிளக்கும், இது நிச்சயம். பத்தாம் நம்பர் ஸ்க்ரூவுக்கு 3.5 மி.மீ. பிட் சரியாக இருக்கும். ஸ்க்ரூ நுனியை மெழுகுவர்த்தியில் ஒருமுறை தேய்த்துவிட்டு முடுக்கிப் பாருங்கள், வெண்ணெயில் இறங்குவது போல் இறங்கும். பசை காயும் முன் மூலைக்கு மூலை குறுக்காக அளந்துவிடுங்கள். இரண்டு பக்கமும் 40¼ இஞ்ச் வந்தால் சட்டகம் சரியான சதுரத்தில் நிற்கிறது. ஒரு பக்கம் நீண்டிருந்தால் அந்த மூலையைப் பிடித்து அமுக்கினால் வழிக்கு வந்துவிடும், காய்ந்த பிறகு ஒன்றும் செய்ய முடியாது.

அடுத்து கால்கள். இங்கேதான் நான் முதல்முறை கோட்டை விட்டேன், அதனால் நிதானமாகப் படியுங்கள். மேல் சட்டகத்தைத் தலைகீழாகத் தரையில் வையுங்கள். உள்மூலை ஒவ்வொன்றிலும் ஒரு 6 மி.மீ. ப்ளைவுட் துண்டைப் போட்டு, அதன்மேல் உட்காலை நிறுத்தி, நீளச் சட்டத்திலிருந்தும் குறுக்குச் சட்டத்திலிருந்தும் ஸ்க்ரூ முடுக்குங்கள். அந்த 6 மி.மீ. துண்டு எதற்கு என்றால், நிமிர்த்தும்போது உட்காலின் தலை சட்டகத்துக்குக் கால் இஞ்ச் கீழேயே நிற்கும், பலகையை முட்டித் தூக்காது. உட்கால் சுமப்பதற்கு இல்லை, எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்க. குறுக்குச் சட்டத்தின் வெட்டுமுனையில் ஸ்க்ரூவின் பிடி எப்போதும் கொஞ்சம் பலவீனம்தான். அந்தக் குறையை உட்கால் ஈடுகட்டிவிடும்.

இப்போது தாங்கு கால். இதை நீளச் சட்டத்தின் முனைமேல், காலின் இரண்டு இஞ்ச் பக்கம் சட்டத்தின் இரண்டு இஞ்ச் கனத்தோடு சரியாகப் பொருந்தும்படி, உட்காலை ஒட்டி நிறுத்துங்கள். நான்கையும் நிறுத்தி, அவற்றின் தலையில் கீழ்ச் சட்டகத்தைக் கொண்டுபோய் உட்கார வையுங்கள். பார்த்தீர்களா, ஸ்க்ரூவே போடாமல் நிற்கும். இடுக்கு ஏதாவது தெரிகிறதா என்று பாருங்கள், ஒரு போஸ்ட்கார்டு நுழையும் அளவு இடைவெளி இருந்தால்கூட அந்தக் காலைக் கழற்றி இழைப்புளியால் சரிசெய்யுங்கள். பசையால் நிரப்பி ஒப்பேற்றாதீர்கள். பிறகு கீழ்ச் சட்டகத்திலிருந்து உட்காலுக்கும், தாங்கு காலிலிருந்து உட்காலுக்கும் ஸ்க்ரூ போட்டு, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள்.

நிமிர்த்தி, மேல்பலகையைப் பசையும் ஸ்க்ரூவும் போட்டுப் பூட்டுங்கள். ஸ்க்ரூத் தலை பலகைக்குள் அமுங்கியிருக்க வேண்டும். இந்த நிலையில் மேலே கை வைத்துப் பக்கவாட்டில் தள்ளிப் பார்த்தால் லேசாக ஆடும். பயப்பட வேண்டாம், மேலிருந்து வரும் எடையைத் தாங்குவது ஒன்று, பக்கவாட்டு ஆட்டத்தை நிறுத்துவது வேறு. அதற்குத்தான் பின்பலகை. 12 மி.மீ. ப்ளைவுட்டை 36க்கு 29½ இஞ்சாக வெட்டி, மேல்விளிம்பு சமமாகவும் கீழே அரை இஞ்ச் தரையைத் தொடாமலும் வைத்து, ஆறு இஞ்சுக்கு ஒரு ஸ்க்ரூ. பக்கங்களுக்கும் அப்படியே. குழாயும் வயரும் போக இரண்டு இஞ்ச் ஓட்டை ஒன்று இப்போதே போட்டுவிடுங்கள். மறுபடி தள்ளிப் பாருங்கள், அசையாது.

பூச்சு

80, 120, 220 என்று உப்புத்தாள் தேய்த்து, பிரைமர் அடித்து, இரண்டு கோட் எனாமலோ பி.யூ. (பாலியூரிதேன்) பூச்சோ உங்கள் இஷ்டம். நான் வெளியே காட்டுகிற பக்கத்தைவிட உள்பக்கத்துக்கும் ப்ளைவுட் விளிம்புகளுக்கும்தான் அதிகம் மெனக்கெட்டேன், தண்ணீர் சொட்டிப்போவது அங்கேதான். பூச்சின் வாடை முழுவதும் போகும் வரை, ஒரு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள், மீனை அந்த அறைக்குக் கொண்டுவராதீர்கள். ஏர் பம்ப் அறையிலிருக்கும் காற்றைத்தான் இழுத்துத் தண்ணீருக்குள் விடுகிறது.

நிறுத்துவது

செம்மண் பூமி, கரையானுக்குக் கேட்கவே வேண்டாம், அதோடு தினம் துடைக்கிற தரை. மரத்தை நேராகத் தரையில் உட்கார வைக்காதீர்கள். கிரானைட் கடையில் வெட்டிப்போட்ட துண்டுகள் ஆறு இஞ்ச் சதுரமாக நான்கு கேட்டு வாங்கி, நான்கு தாங்கு கால்களுக்கும் நேர் கீழே வையுங்கள். தரைக்கும் கல்லுக்கும் நடுவே மெல்லிய ரப்பர் ஷீட், ஆத்தங்குடிக் கல்லில் கீறல் விழாது. தூணுக்குக் கீழே கல் வைத்த அதே காரியம்தான்.

இப்போது அந்தத் துண்டுச் சீட்டை எடுங்கள். தாழ்ந்த பக்கத்தில் கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே சன்மைக்கா துண்டுகளைச் செருகி மட்டம் பிடியுங்கள். ஒரு துண்டு சுமார் ஒரு மில்லி கனம், எத்தனை வேண்டும் என்று எண்ணிவிடலாம். அட்டையை மடித்து வைக்காதீர்கள், ஈரத்தில் நசுங்கிவிடும்.

தொட்டியை ஏற்றும் முன் ஒரு ராத்திரி எடை வைத்துப் பாருங்கள். நாங்கள் நிஜமாகவே அரிசிச் சிப்பங்களை அடுக்கினோம். கடனாக வாங்கியதும் நான்கு அதில் உண்டு. அப்பத்தா வந்து தட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போனார், அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

மேல்பலகையில் 12 மி.மீ. தெர்மாகோல் ஷீட் ஒன்றை முழுதாக, ஒட்டுப் போடாமல் விரித்து, மணல் ஒரு துகள் இல்லாமல் துடைத்து, தொட்டியை வையுங்கள். இது அடிக்கண்ணாடி நேராகப் பலகையில் உட்காரும் தொட்டிகளுக்கு. சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் வைத்து, அடிக்கண்ணாடி தூக்கி நிற்கும் தொட்டி என்றால் தெர்மாகோல் வேண்டாம்.

மூன்று இஞ்ச் தண்ணீர் விட்டு நிறுத்துங்கள். தண்ணீரைவிட நல்ல மட்டம் பார்க்கும் கருவி கிடையாது. நான்கு மூலையிலும் அடியிலிருந்து தண்ணீர் எவ்வளவு என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள், இரண்டு மில்லிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தண்ணீரை எடுத்துவிட்டு சன்மைக்காவைச் சரிசெய்யுங்கள், இப்போது கைக்கு அடங்கும் எடைதான். சரியாக இருந்தால் பாதி வரை, அப்புறம் மறுநாள் முழுதாக. ஒவ்வொரு நிறுத்தத்திலும் மூட்டுகளை டார்ச் அடித்துப் பாருங்கள்.

வயர்களை பிளக்குக்கு நேராக இழுக்காமல், கீழே ஒரு தொங்கல் விட்டு, பிறகு மேலேறும்படி செருகுங்கள். வயரில் வழிகிற தண்ணீர் அந்தத் தொங்கலிலேயே சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல் ஸ்டாண்டின் உள்சுவரில் உயரமாக மாட்டுங்கள்.

நிரப்பிய அன்று தண்ணீர் நிற்கும் இடத்தில் கண்ணாடிக்கு வெளியே இரண்டு முனையிலும் மார்க்கரால் ஒரு சின்னக் கோடு போட்டு வைத்தேன். ஒரு வாரத்தில் வெயிலுக்குத் தண்ணீர் ஒரு இஞ்ச் இறங்கியிருந்தது, இரண்டு பக்கமும் ஒரே அளவு. அண்டாவிலிருந்த மீன்களை அதற்குப் பிறகுதான் விட்டேன்.